அலுப்பை வாங்கிக்கொண்ட நீலமணிகள்

ஏழுகல் எஸ்டேட்டில் ஆட்களுடைய அலுப்பை நீலமணிச் செடிகள் வாங்கிக்கொள்ள ஆரம்பித்த வருடத்தில், மழை மே மாதக் கடைசியிலேயே ஆனைமலை மேல் ஏறி வந்து உட்கார்ந்து, கிளம்புகிற எண்ணமே இல்லாமல் அக்டோபர் வரைக்கும் இருந்தது. துணி காயவில்லை, விறகு எரியவில்லை, அட்டை கடித்த கால் ஆறவில்லை. ஆனாலும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. காலை ஏழரைக்கு அங்கே நின்று பேர் கொடுத்து, கூடையை மாட்டிக்கொண்டு ஏறினால்தான் அன்றைக்கு அது ஒரு நாள்.

ஐந்தாம் லயன் வீட்டு வரிசைக்குப் பின்னால், தேயிலை பிடிக்காத பாறைச் சரிவில் நீலமணிகள் எத்தனையோ காலமாக இருந்தன. முழங்கால் உயரச் செடி, நூல் மாதிரித் தண்டு, அதன் நுனியில் சுண்டுவிரலில் தொப்பி போட்டுக்கொள்கிற அளவுக்குக் கவிழ்ந்து தொங்கும் ஐந்து மடல் நீலப் பூ. கிள்ளினால் பால் வரும். தை மாதப் பனியில் தண்டு கருகிக் காணாமல் போகும். உள்ளே விரல் தடிமன் கிழங்கு செத்தது போலக் கிடந்து, அடுத்த மழைக்கு அதே இடத்தில் முளைக்கும். தேயிலைக்குள் இறங்கிவிடுமே என்று களைவெட்டும் பெண்கள் வருடா வருடம் அதைச் சுரண்டி எடுத்தார்கள். அது வருடா வருடம் திரும்பி வந்தது. அவர்களும் அப்படித்தான் வேலைக்குத் திரும்பி வந்தார்கள் என்பதால் இரண்டு பக்கமும் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

களைவெட்டு கேங்கில் குருவம்மா என்று ஒருத்தி. அவள்தான் ஒரு மத்தியானம், இனி ஒரு செடிகூடப் பிடுங்க முடியாது என்று சரிவில் அப்படியே குத்துக்காலிட்டு, கைச்சுரண்டியைக் கீழே போட்டு, முகத்துக்கு நேரே தொங்கிய பூவுக்குள் “அம்மாடி” என்று ஒரு பெருமூச்சு விட்டாள். விட்டவள் எழுந்து நின்றாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், முட்டியை மடக்கிப் பார்த்தாள். பத்து மணி நேரம் தூங்கி எழுந்த உடம்பு மாதிரி இருந்தது. செடிதான் தண்டு வளைந்து, பூ கறுத்து, தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

“ஏ வேலுத்தாயி, இங்க வாயேன். இந்தப் பூவுக்குள்ள ஒரு மூச்சு விட்டுப் பாரு” என்றாள் குருவம்மா, கடையில் புதுச் சோப்பு வந்திருக்கிறது என்று சொல்வது போல.

வேலுத்தாய்க்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. கொழுந்து பறிக்கிறவள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். ஒரே மகள் மோனிஷா, கோயம்புத்தூரில் நர்சிங் முதல் வருடம் படித்தாள். லயன் வீடு எஸ்டேட்டுடையது. அந்த வீட்டில் ஒரு ஆளாவது வேலையில் பேர் பதிந்திருக்கிற வரைக்கும்தான் கூரை. அந்த ஆள் விழுந்தால், ஒரு மாதத்துக்குள் அதே வீட்டிலிருந்து இன்னொருத்தர் பேரைப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் சாமானைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டும். வேலுத்தாயின் அம்மா விழுந்தபோது பத்தாம் வகுப்புப் பாதியில் வேலுத்தாய் வந்து பேர் பதிந்தாள். தனக்கு நடந்தது மகளுக்கு நடக்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் வாழ்க்கையில் கேட்டது. அதற்கு மகள் படிப்பை முடிக்கும்வரை அவள் விழாமல் நிற்க வேண்டும். நிற்பது நாளுக்கு நாள் கஷ்டமாகிக்கொண்டு வந்தது. அதனால் அவள் கேள்வி ஏதும் கேட்காமல் போய், ஒரு பூவின் வாயருகே குனிந்து, முப்பத்தெட்டு வருடத்து மூச்சை விட்டாள்.

ஒரு வாரத்தில் ஐந்து லயனும் அந்தச் சரிவில் இருந்தது. சாயங்காலம் இலை எடை போட்டுவிட்டு வருகிறவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில், கால் கழுவுவது போல, ஆளுக்கொரு செடியருகே குனிந்து மூச்சு விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு செடி ஒருத்தரோடதை மட்டும்தான் வாங்கும் என்பது இரண்டே நாளில் தெரிந்தது. அவரவர் செடிக்கு அடையாளமாக ரிப்பன் கட்டினார்கள், வளையல் மாட்டினார்கள், பற்பசை மூடியைப் பக்கத்தில் குத்தி வைத்தார்கள். என் செடியில் உன் மாமியார் மூச்சு விட்டாள் என்று சண்டை வந்தது. கோவிலில் பூசாரி, சாமிக்கு வைக்காத பூவில் இதெல்லாம் செய்யலாமா என்று யோசித்து, பதில் கிடைப்பதற்குள் தனக்கும் ஒரு செடி பிடித்துக்கொண்டார். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் மூட்டுவலி மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டு, “செடி இருக்கா இல்லையா, மொதல்ல அதச் சொல்லு” என்று கேட்கத் தொடங்கினார்.

அலுப்பு போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தது. போன பிறகுதான் அது எவ்வளவு வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. யாருக்கும் தூக்கம் வரவில்லை. அலுப்பு மூடி வைத்திருந்த பழைய கோபங்களுக்கெல்லாம் எழுந்து உட்கார நேரம் கிடைத்தது; இருபது வருடம் முன்னால் சொன்ன ஒரு சொல்லுக்கு இப்போது பதில் சொல்லப்பட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், சிலருக்கு அது பிடித்திருந்தது, அடுத்த வருடம் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் தொட்டில் போதவில்லை. வேலுத்தாய் பாதியில் விட்ட தையலை எடுத்தாள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், போனில் மகளோடு பேசும்போது சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

அலுக்காத கை அதிகம் பறிக்கும். எடைச் சாவடியில் இலை குவிந்தது. எஸ்டேட் மேனேஜர் துரைக்குச் சந்தோஷம், தலைமை ஆபீசுக்கு அதைவிடச் சந்தோஷம். ஆளுக்கு இருபத்தெட்டு கிலோ என்று இருந்த நாள் அளவை, உங்களால் முடியும் என்று நீங்களே காட்டிவிட்டீர்களே என்று, முப்பத்தாறு ஆக்கி நோட்டீஸ் ஒட்டினார்கள். யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. எதிர்க்கிற அளவுக்கு யாருக்கும் வலிக்கவில்லை.

தை வந்தது. தண்டுகள் கருகின. ரிப்பனும் வளையலும் பற்பசை மூடியும் வெறும் மண்ணில் கிடந்தன. முப்பத்தாறு கிலோ மட்டும் கருகாமல் நின்றது. அந்தக் கோடை எப்படிப் போனது என்று ஏழுகல்லில் யாரும் பேச விரும்புவதில்லை.

அடுத்த மழைக்கு நீலமணிகள் முளைத்தன. முளைக்கும்போதே தண்டு வளைந்து முளைத்தன. கிழங்கு எதையும் மறக்கவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் மொட்டுகள் அவிழ, எந்தப் பூ அவிழ்ந்ததோ அந்தப் பூவுக்குச் சொந்தக்காரர் நின்ற இடத்திலேயே, கூடையோடு, குடத்தோடு, ஒருத்தர் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் கையை நீட்டினபடி, சரிந்து விழுந்தார்கள். போன வருடத்து அலுப்பு முழுவதும் ஒரே நாளில் வீடு திரும்பியது. லயனில் அடுப்பு எரியவில்லை. நாய்கள் வாசலில் காத்துக்கிடந்தன. எழுந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள், செடியைத் திட்டக்கூட இல்லை. வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தது, அதில் திட்ட என்ன இருக்கிறது.

பிறகு அதற்கும் ஒரு வழக்கம் உண்டானது. மருந்தடிக்கக் கொடுத்த ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, பூ அவிழ்கிற வேளைக்கு அதைக் கத்தரித்துவிட்டால், அது யார் உடம்பில் முதலில் படுகிறதோ அலுப்பு அவருக்குப் போகும். பூவை ஓடையில் விட்டுப் பார்த்தார்கள். பூ வாடின நிமிடம் அலுப்பு வழி கேட்காமல் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே யாராவது ஒரு ஆள் வேண்டும். பெற்றோர் அலுப்பை வாங்கிக்கொண்ட பிள்ளைகளும் உண்டு, ஆகாதவன் சட்டைப் பையில் பூவைப் போட்டவர்களும் உண்டு. பெண்கள் தலையில் பூ வைப்பது நின்றது. கல்யாண வீட்டில் மாலை வேண்டாம், துண்டு போதும் என்றார்கள்.

யூனியன் தலைவர் சந்தனராஜுக்குத்தான் அந்த யோசனை வந்தது. அவர் நல்ல மனிதர், தொண்டை பெரியது. “முப்பத்தாறு கிலோ என்னன்னு அவங்களுக்கு வாயால சொன்னா ஏறாது. ஒரு நாள் அவங்க உடம்பு சொல்லட்டும்” என்றார். நாற்பது பேர் சம்மதித்தார்கள். கையுறை போட்ட நாலு பெண்கள் நாற்பது நீலமணிகளைக் கத்தரித்து மாலை கட்ட, சுதந்திர தினத்தன்று கொடியேற்றியதும் அதைத் துரையின் கழுத்தில் போட்டார்கள். துரை மிட்டாய்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். ஒன்பது நாள் தூங்கினார்.

பத்தாம் நாள் அவர் எழுந்து ஆபீசுக்கு வந்தபோது எல்லோரும் வாசலில் நின்றார்கள். இப்போது புரிந்திருக்கும், இப்போது அளவைக் குறைப்பார் என்று நின்றார்கள். துரைக்குப் புரிந்துதான் இருந்தது. அவர் எல்லோரையும் பார்த்து, கண் கலங்கி, ஏதோ சொல்ல வாயெடுத்து, அதற்கும் அலுப்பாக இருக்க உள்ளே போய்விட்டார். அளவைக் குறைக்கிற கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஒழுகுகிற கூரைக்குத் தகரம் வாங்குகிற கடிதத்திலும் போடவில்லை. அலுத்துப்போனவனுக்கு நியாயம் தெரியும், எழுந்து போய் அதைச் செய்யத்தான் உடம்பு வராது. இது அந்த நாற்பது பேருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அவர்கள் தங்களை வைத்துப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

கையெழுத்துப் போடத் தலைமை ஆபீசே ஆள் அனுப்பியது. அளவு குறையவில்லை. அதோடு இன்னொரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐம்பது வயது தாண்டியவர்களுக்குத் தகுதி பார்க்கப்படும். செப்டம்பர் இரண்டாம் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, டாக்டர் முன்னால், இருபத்தைந்து கிலோ கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக் களத்திலிருந்து எடைச் சாவடி மேடு வரைக்கும் ஏற வேண்டும். ஏற முடியாதவர்கள் பேர் வெட்டப்படும். பட்டியலில் குருவம்மாவும் இருந்தாள், வேலுத்தாயும் இருந்தாள்.

வேலுத்தாயின் நீலமணி இன்னும் அவிழவில்லை. அவிழ அவள் விடவில்லை. மொட்டு நிறம் காட்டின அன்றைக்கே துணி துவைக்கிற பச்சை பிளாஸ்டிக் பேசினைக் கொண்டுபோய் அதன் மேல் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்தாள். வெளிச்சம் படாத மொட்டு தயங்கியது. இன்னும் கொஞ்ச நாள் தயங்கினால் போதும். தகுதி பார்க்கிற அன்று சாக்கைத் தூக்கி ஏறிவிட்டு, மறுநாள் பேசினை எடுத்து, காய்ச்சல் என்று பத்து நாள் லீவு சொல்லிப் படுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். மகள் இரண்டாம் வருடத்தில் இருந்தாள். செடி, மூச்சு, அலுப்பு எதையும் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் பிள்ளைக்குப் படிப்பு ஓடாது.

மோனிஷா சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்கினாள். செவ்வாய்க்கிழமை பரீட்சை, நடுவில் நாலு நாள் லீவு, அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. வேலுத்தாய் தேயிலைக் காட்டில் இருந்தாள். மகள் வீட்டைப் பெருக்கினாள், சோறு வைத்தாள், தன் வெள்ளை யூனிபார்மைத் துவைக்கலாம் என்று பேசினைத் தேடினாள். வீட்டில் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தால் சரிவில் கவிழ்ந்து கிடந்தது. காற்றில் பறந்து வந்ததன் மேல் யாரோ கல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். கல்லை எடுத்தாள், பேசினைத் தூக்கினாள். வெளிச்சம் பட்டதும் மொட்டு அவிழத் தொடங்கியது. ஒரு மாதம் இருட்டில் இருந்ததால் நீலம் வெளுத்து, சலவை பண்ணினது போல இருந்தது. இவ்வளவு அழகாக ஒரு பூவா என்று அவள் விரலால் தொட்டாள்.

சாயங்காலம் வேலுத்தாய் வந்தபோது மகள் பேசினுக்குப் பக்கத்தில், ஈரப் புல்லில், யூனிபார்மைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். குருவம்மாவும் அவளும் சேர்ந்துதான் வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். சனிக்கிழமை முழுவதும் எழவில்லை. ஞாயிறு மத்தியானம் கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

“எந்திரி தாயி. ஒரு வாய் கஞ்சி குடி” என்றாள் வேலுத்தாய்.

“வைம்மா. குடிக்கிறேன்.”

“நாளைக்குக் காலைல ஆறு மணி பஸ்சு. பரீட்சை இருக்குல்ல.”

மோனிஷா சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தாள். “போகலம்மா. படிச்சு என்ன ஆகப்போகுது. நான் இங்கயே பேர் பதிஞ்சுக்கிறேன். நீ உக்காரு” என்றாள்.

அதில் அழுகை இல்லை, அம்மா மேல் இரக்கம்கூட இல்லை. குரல் தட்டையாக இருந்தது. வேலுத்தாய்க்கு அந்தக் குரலைத் தெரியும். பதினைந்து வயதில் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, சரி, வேலைக்கே போறேன் என்று அவள் சொன்ன குரல். அலுப்பு மட்டும்தான் போயிருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். எதையும் ஆசைப்படாமல் இருக்கிற அந்தப் பழக்கமும் சேர்ந்தே பூவுக்குள் போய், பிள்ளை உடம்பில் ஏறியிருக்கிறது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அடுப்படியில் போய் நின்று, சத்தம் வராமல் அழுதாள்.

குருவம்மா வந்து கதவருகே நின்றாள். விஷயம் லயன் முழுவதும் தெரிந்திருந்தது. “ஒரு நாளைக்குன்னா நானே வாங்கி வச்சுக்குவேன் வேலு. ஆனா எனக்கும் நாளைக்குத்தான் சாக்கு” என்றாள்.

“தெரியும்க்கா.”

“சின்னவ யாரையாச்சும் கேளேன்.”

“எவகிட்டக் கேக்க? அவளுக ஏற்கெனவே ரெண்டு பேரோடத வாங்கிக்கிட்டு நடக்குறாளுக.”

குருவம்மா தலையாட்டினாள். கொண்டுவந்திருந்த குழம்பைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள்.

வேலுத்தாயின் செடி இப்போது காலியாகத்தான் இருந்தது, இன்னொரு மொட்டும் விட்டிருந்தது. அதில் மகளை மூச்சு விடச் சொல்லலாம். ஆனால் ஒரு தரம் வாங்கித் திருப்பிக் கொடுத்த செடியில் மறுபடி இறக்கி வைத்தது அரை மணி நேரம்கூட உள்ளே தங்காது, பேசின் கவிழ்த்தாலும் நிற்காது. மொட்டு அவிழ்ந்து, மூச்சு விட்டவரைத் தேடிப் போய்விடும், மோனிஷா பஸ்ஸில் இருந்தாலும் பரீட்சை ஹாலில் இருந்தாலும். அந்த அரை மணிக்குள் வேறு ஒரு கை அதைத் தொட வேண்டும். வேலுத்தாய் இதை இரண்டு முறை யோசிக்கவில்லை. யோசித்தது எல்லாம், அதை மகளுக்குத் தெரியாமல் எப்படிச் செய்வது என்றுதான்.

திங்கட்கிழமை விடிகிற வெளிச்சத்தில் மகளுக்குத் தலை சீவி, பையை மாட்டி, கையைப் பிடித்துச் சரிவுக்குக் கூட்டிப்போனாள். மோனிஷா எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கிற பிள்ளையாக இருந்தவள்.

“குனி. அந்த மொட்டுகிட்ட வாய வச்சு, ஒரு பெருமூச்சு விடு. உள்ள இருக்கிறதெல்லாம் போற மாதிரி.”

மோனிஷா குனிந்தாள். மூச்சு நீளமாக வந்தது, பாதியில் அது வேலுத்தாயின் மூச்சாகவே கேட்டது. தண்டு வளைந்தது. மோனிஷா நிமிர்ந்து, எங்கே இருக்கிறோம் என்று பார்ப்பது போலச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, அது உன்னோடதா? அதோடயா நீ டெய்லி எந்திரிச்ச?”

“பேசிட்டு நிக்காத, பஸ்சு வந்துரும்.”

“இப்ப அது எங்க?”

“செடில இருக்கு. செடி பாத்துக்கும். நீ நட, நான் பேசின எடுத்துட்டு வர்றேன்.”

மோனிஷா போக மனமில்லாமல் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். வேலுத்தாய் பேசினைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் தலை பாதை வளைவில் மறைந்ததும் பேசினைக் கீழே வைத்தாள். மொட்டு அவிழ்ந்துகொண்டிருந்தது. கையுறை இல்லாமல் அதைப் பறித்து, வேண்டாம் என்று ஒரு மாதமாக லயனில் ஒருத்தியும் செய்யாததைச் செய்தாள், கொண்டையில் செருகிக்கொண்டாள். முதலில் முட்டிக்கு வந்தது. அப்புறம் முதுகுக்கு. பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்க முடியாது என்று தெரிந்து, பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே பஸ் வந்து, நின்று, ஹார்ன் அடித்து, கொண்டை ஊசி வளைவில் இறங்கிப் போனது. ஜன்னலில் ஒரு கை ஆடியது. இவளும் கையைத் தூக்கினாள், தோள் வரைக்கும் தூக்க முடிந்தது.

எட்டு மணிக்கு வேலுத்தாய் களத்தில் நின்றாள். தவழ்ந்து வந்ததாகச் சிலர் சொல்வார்கள், அது பொய், நடந்துதான் வந்தாள். டாக்டர் நாற்காலியில் இருந்தார். ஃபீல்டு ஆபீசர் பெலிக்ஸ் நோட்டோடு நின்றார். அவருக்கு வேலுத்தாயை இருபது வருடமாகத் தெரியும். குருவம்மா சாக்கைத் தூக்கி, பல்லைக் கடித்து, மேட்டில் ஏறிவிட்டாள். வேலுத்தாய் முறை வந்தபோது இரண்டு பேர் அவள் தலையில் சாக்கை ஏற்றினார்கள். ஒரு அடி வைத்தாள். இரண்டாவது அடிக்குக் கால் வரவில்லை. அவளே சாக்கைப் பிடித்து இறக்கிக் கீழே வைத்தாள். டாக்டர் பேப்பரில் அவள் பேர் மேல் கோடு போட்டார்.

பெலிக்ஸ் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். “வேலுத்தாயி, வருத்தப்படாதம்மா. வீடு போகாது. இன்னைக்கே உன் மக பேரை எழுதிடறேன். ஒரு வாரத்துல வந்து சேர்ந்துக்கட்டும்.”

வேலுத்தாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கு மக இல்ல சார்.”

பெலிக்ஸ் பேனாவை எடுத்துவிட்டு நின்றார். மோனிஷாவின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

“யோசிச்சுச் சொல்லும்மா. அப்படி எழுதிட்டா, ஒரு மாசத்துல வீட்டைக் காலி பண்ணணும்.”

“எழுதுங்க. அந்த வீட்ல நான் மட்டும்தான். பேர் பதிய ஆள் கிடையாது.”

அவர் எழுதினார். எழுதி முடிக்கிறவரைக்கும் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் வேலுத்தாய். பிறகு இறக்கி வைத்த சாக்கின் மேலேயே உட்கார்ந்தாள். கொழுந்து நசுங்கிவிடும் என்று ஏழுகல்லில் கொழுந்துச் சாக்கின் மேல் ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை, உட்கார விட்டதுமில்லை. அன்றைக்கு அவளைப் பார்த்து எழுந்திரு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.